குளத்து டாக்டர் போட்ட ஒட்டு

ஈரத்திலும் ஒட்டும் என்று டின்னில் எழுதியிருப்பான். நம்பாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எந்தப் பசையும் ஈரத்தில் நிற்காது. முதலில் துணியால் துடைக்க வேண்டும், பிறகு சூடு காட்டி உலர்த்த வேண்டும், அதற்கப்புறம்தான் பசை. இந்தப் பொறுமை இல்லாதவன் ஒட்டுப் போட வரக்கூடாது.

தேத்தண்ணிக்கு நன்றி. சீனி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, காலையில் இந்தத் தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறியதிலிருந்தே எனக்கு எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கிறது. பக்கத்து சீட்டுச் சீனக் கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மகளுக்குக் கல்யாணமா என்று கேட்டாள்.

என் பெயர் கருப்பையா. தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவன். எண்பத்தொன்றில் எங்கள் தோட்டத்துக்கு கனகராஜ் துரை மேனேஜராக வந்தார். லண்டனில் படித்தவர். பெட்டி படுக்கையோடு ஒரு நீச்சல் குளத்தையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிரிக்காதீர்கள், உண்மைதான். அது தரைக்கு மேலே நிற்கிற குளம். குழி தோண்ட வேண்டாம். நீளத் தகரத்தை வட்டமாக வளைத்து, இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கி, உள்ளே நீலப் பிளாஸ்டிக் விரித்துத் தண்ணீர் விட்டால் குளம். வெந்நீரில் குளிக்கவே நாங்கள் யோசிக்கிற ஊரில், துரை அதில் குதித்தார். குதித்த வேகத்திலேயே வெளியே வந்தார். பல் தந்தியடிக்க, "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

அந்த வருஷக் கடைசி மழையில் மரக்கிளை விழுந்து பிளாஸ்டிக் கிழிந்தது. துரை குளத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார்.

"இங்க பாரு கருப்பையா, புஸ்தகத்துலயே போட்டிருக்கான். வின்ட்டர் டேமேஜ். குளிர் பட்டா பிளாஸ்டிக் வெடிக்குமாம்."

"கிளை விழுந்துச்சுங்களே தொரை."

"அதுவும் குளிர்னாலதான் லா."

நாங்கள் குடியிருக்கிற லயத்தில் எல்லார் வீட்டு மழைக் கித்தானுக்கும் நான்தான் ஒட்டுப் போடுவேன். அதனால் என்னை அனுப்பினார்கள். போட்டேன். தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. துரை கை தட்டினார். துரையம்மா கேக் கொடுத்தார். பிள்ளைகள் என்னைக் குளத்தின் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். "நீ மனுஷன் இல்ல, டாக்டர்" என்றார் துரை. அன்று சாயங்காலம் லயத்துக்கு இறங்கியபோது என் கால் தரையில் படவில்லை. என் மனைவி செல்லம்மா வாசலிலேயே நின்று, "வாங்க குளத்து டாக்டரே, ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க" என்றாள். தோட்டம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதுகூடக் கங்காணி டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல குளம், ஐயா. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. துரை வழியில் பார்த்து, "இந்த வருஷம் உனக்கு வேல இல்ல கருப்பையா" என்றார். டாக்டர் என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் மூடுபனி பங்களாவை மூடியிருந்தது. கவாத்துக் கத்தியால் குளத்துப் பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு கோடு இழுத்தேன். அதைச் சேதம் என்று சொல்ல முடியாது. வைத்தியத்துக்கு ஓர் இடம் வேண்டுமே, அவ்வளவுதான். துரை புத்தகத்தோடு ஓடிவந்தார். "வின்ட்டர் டேமேஜ், டாக்டர்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருந்தது. போன வருஷம் இரண்டு கோடு. இந்த ஜனவரியில் மூன்று.

இப்போது குணாளன். ஆப்பீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. வேறு தோட்டத்துக் கவாத்துக்காரன் மகன், படித்து மேலே வந்தவன். நல்ல பையன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். பசை டின் கொடுக்க வந்தவன், நான் ஒட்டப்போகிற கிழிசலைக் குனிந்து பார்த்தான். அடுத்ததைப் பார்த்தான். மூன்றாவதையும் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணே, குளிருக்குக் கவாத்து வெட்டத் தெரியுமாண்ணே?"

நான் பசை டின்னைத் திறந்தேன்.

"எல்லாம் ஒரே சாய்வு பாருங்க. எங்கப்பா இப்படித்தான் வெட்டுவாரு. மழத்தண்ணி வடியணும்ல? குளத்துலயும் வடியணுமாண்ணே?"

அப்போதுதான் நானே பார்த்தேன். செடியை நேராக வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் தங்கிக் குச்சி அழுகிவிடும். அதனால் எங்கள் கத்தி சாய்ந்துதான் இறங்கும். நான் குளத்தைக் கிழித்தபோதும் கை பழக்கத்தை விடவில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் லா அண்ணே. சத்தியமா" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் சொல்லியிருக்க மாட்டான். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனால் சிரிப்பானே. துரை கை தட்டும்போது பின்வரிசையில் நின்று சிரிப்பான். யாராவது டாக்டர் என்று கூப்பிடும்போது வாயைப் பொத்துவான். ஓட்டையைப் பார்த்த பிறகு அப்படியே விட்டுவிட்டுப் போவது என் குணமில்லை, ஐயா.

ஒட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பிய அன்று காலை, தகரம் சேருகிற இடத்தில் போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒன்றே ஒன்றுதான் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை. துரையின் பிள்ளைகளை முன்கூட்டியே சமையல்கட்டுக்கு கேக் தின்ன அனுப்பிவிட்டேன். குளத்துக்குக் கீழே சரிவில் கல்லுக்கட்டு. கட்டுக்கு அடியில் தண்ணீரை வடிக்கிற குழாய்.

"தம்பி, கீழ போயி அந்தக் குழாய இறுக்கி மூடு."

போனான். குனிந்தான். அண்ணாந்து பார்த்து, "டாக்டரே, இன்னிக்கு எந்தப் பக்கம் கவாத்து?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தப் போல்ட்டைச் சுத்தியலால் ஒரு தட்டு.

தகரம் கதவு திறப்பதுபோல் திறந்தது. அவ்வளவு தண்ணீர் ஒரே நேரத்தில் எழுந்து நடந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என்ன அழகு. கல்லுக்கட்டு, குழாய், குணாளன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியது. அவனைத் தேயிலைச் செடிகளின் மூன்றாவது நிரையில் எடுத்தோம். முதலில் இறங்கி ஓடித் தூக்கியவன் நான்தான்.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். துரு என்றார்கள், விபத்து என்றார்கள். எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை.

சாவு வீட்டில் கித்தான் பந்தல் ஒழுகியது. நான்தான் ஏறி ஒட்டினேன். அவன் மனைவி, பாவம், ஏழு மாசம், கீழிருந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நேரத்தில்தான் பந்தலுக்கடியில் கங்காணி பேசியது காதில் விழுந்தது.

"கருப்பையா ஒட்டு விட்டுப்போச்சாம். அதான் குளம் வெடிச்சிருக்கு."

"அவன் ஒட்டுக்கு எவன்யா உத்தரவாதம்?" என்றான் இன்னொருவன்.

மறுநாள் துரையும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் மேல தப்பில்ல கருப்பையா. ஏதோ ஒட்டு விட்டுருச்சு, போ" என்றார். குளத்தைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். செல்லம்மாகூட, "விடுங்க, யாருக்கும் கை தவறும்" என்கிறாள். இதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது?

அதனால்தான் நானே பஸ் ஏறி வந்தேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, மிரட்டவில்லை. போல்ட்டைக் கழற்றியது நான், தட்டியது நான், குணாளனைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கிறேன். தூக்கு என்றாலும் சரி. தோட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி நீங்கள் ஒன்று மட்டும் சொன்னால் போதும்.

இதோ, இந்தப் பையில் அந்த நீலப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. தண்ணீர் போன வேகத்தில் சுற்றிலும் நாராகக் கிழிந்திருக்கிறது. நடுவில் பாருங்கள், என் ஒட்டு. விளிம்புகூடத் தூக்கவில்லை.

இழுத்துப் பாருங்கள், ஐயா. கூச்சப்படாமல், பலமாக இழுங்கள்.