காலியாக விட்ட வரி

எனாமல் பெயின்ட் காய ஒரு முழுப் பகலாவது வேண்டும் ஐயா. ஈரக்காற்று அடித்தால் இன்னும் இழுக்கும். அவசரப்பட்டுத் தொட்டவர்களின் விரல் தடத்தோடு எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் சில பலகைகள் இன்றும் நிற்கின்றன.

எது எங்கே நடந்தது என்று சொல்லும் அந்தப் பலகைகள் எல்லாம் நான் எழுதியவைதான். பழைய சந்தை கூடிய இடம், முதல் பள்ளிக்கூடம் எரிந்த இடம். உயிரோடு இருப்பவர் பெயரை மட்டும் எழுதக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. முன்பு ஒருவர் பாதைக்கு நிலம் கொடுத்தார் என்று பலகை வைத்தோம். அடுத்த வருஷமே பலகையையும் உள்ளே சேர்த்து வேலி போட்டுக்கொண்டார். அதிலிருந்து, ஆள் போன பிறகுதான் பெயர்.

பாலம் இடிந்த அன்று, ஆற்றில் விழுந்தவர்களை என் தங்கை கணவர் கயிறு போட்டு இழுத்தார். கயிற்றில் நானும் கை வைத்திருந்தேன். வாய்க்கு மாப்பிள்ளை என்றாலும் மனசுக்கு அவர் என் தம்பி. ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் நாங்கள்.

பாலத்துக்குப் பலகை வைக்க ஊர் கூடியபோது அவர் எழுந்தார்.

"கீழ ஒரு வரி காலியா விடுங்க. நான் போனப்புறம் என் பேரை எழுதிக்கலாம். என் பேரு மட்டும். மச்சான் கயித்தை விட்டுட்டு ஓடிட்டாரு. சொந்தமாச்சேன்னு இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்தேன்."

யாரோ சிரித்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"விடுண்ணே. ஊருக்கே தெரிஞ்சதுதானே."

தோளில் தூக்கி வளர்த்த பெண் அவள். இருவருமாகச் சேர்ந்து என் கழுத்தை அறுத்துவிட்டார்கள்.

பலகையை எழுதினேன். வரியைக் காலியாகத்தான் விட்டேன். ஆனால் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. அவர் பெயரையும் எழுதி, நன்றாகக் காயவிட்டு, துணி போட்டு மூடினேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் போய், "பலகைக்கு இடம் அளக்கணும், வாங்க மாப்பிள்ளை" என்றேன். சண்டை தீர்ந்தது என்று நினைத்து முகம் மலர்ந்து வந்தார். இடிந்த பாலத்தின் மேல், அளவுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்தார். விளிம்பு வந்ததும், "நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன். இழுத்தார். என் முனையை விட்டுவிட்டேன். இப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் பாறைதான்.

மறுநாள் காலையில் ஊர்த்தலைவர் அழுதுகொண்டே பட்டறைக்கு வந்தார். "அந்த வரியை எழுதிடுப்பா" என்றார். நான் துணியை விலக்கினேன். பெயரை விரலால் தடவினார். பெயின்ட் ஒட்டவில்லை. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம்தான் உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறேன் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். 'ஒற்றை ஆளாகக் கயிறு பிடித்தவர்.' கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் என் பலகை எதிலும் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை.