ஈறு பார்த்த பின்பே முதல் சொட்டு

உங்கள் பணிநிறைவு நாளில் இம்மடல் வாசிக்கப்படும் இவ்வேளையில், தன்யூப் ஆற்றின் கரையில் நிற்கும் நம் புற்றுநோய் மருத்துவமனையின் உணவறையில், முன்வரிசை நடுவே நீங்கள். உங்கள் வலப்பக்கம் பிரிவுத் தலைவர் மருத்துவர் டிராகோமிர் பாஷெவ். இடப்பக்கம் தலைமைச் செவிலி டெனிட்சா. பின்வரிசையில் செவிலியரும் ஆய்வகத்தாரும். சன்னலோரம், மருந்துப் பை தொங்கும் கம்பிகளைப் பிடித்தபடி நோயாளிகள். அவர்களுள் தேனீ வளர்க்கும் லாசார். கதவருகே, திங்களன்று புற்றுநோய் மருந்தின் முதல் சொட்டு ஏற்றிக்கொள்ளவேண்டிய பள்ளி ஆசிரியை வெலிச்கா. பாலாடைக்கட்டிப் பணியாரம் எல்லார் தட்டிலும் இருக்க, ஈறு வீங்கிய அவருக்கு மட்டும் தயிர். நாற்காலிகள் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கின்றன. எவரும் நிலைகொண்டு உட்காரவில்லை.

இரத்தம் கசிந்த ஈறுகளுக்கு இரங்கிய இதயமே, புண்பட்ட வாய்களுக்குப் பொறுமையால் மருந்திட்ட பெருமாட்டியே, பல் மருத்துவர் நெவேனா கிரோவா அவர்களே, வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வந்தபோது இங்கே பல் பார்க்க ஓர் அறையில்லை. துணிகள் அடுக்கும் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். நோயாளியின் வாயைப் பார்க்காமல் முதல் சொட்டு ஏற்றக்கூடாது என்று நீங்கள் சொன்ன அன்று எழுந்த முணுமுணுப்பு எங்களுக்கு நினைவிருக்கிறது. இன்று உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் தலைவரே அன்று கேட்டார்: "புத்துநோய் வயித்துல இருக்கு. நீங்க பல்லை எண்ணிட்டிருக்கீங்களேம்மா?"

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "ஈறுல சீழ் இருக்கு டாக்டர். உங்க மருந்து வெள்ளணுவையெல்லாம் இறக்கிடும். அப்புறம் அந்தச் சீழ் எங்க போகும்? நீங்களே சொல்லுங்க."

அவர் மறுநாள் முதல் தம் நோயாளிகளை உங்களிடம் அனுப்பினார்.

லாசாரின் கதையை அவர் அனுமதியோடே எழுதுகிறோம். பல் பிடுங்கினால் சிகிச்சை தள்ளிப்போகும் என்று பயந்து, ஆடிய பல்லை உங்கள் சோதனையின்போது நாக்கால் மறைத்துவைத்திருந்தார். பிறகு வாயெல்லாம் புண், அனல்போலக் காய்ச்சல், பாதியில் நின்றது சிகிச்சை. கட்டிலருகே குனிந்த உங்கள் மூக்குக்குத்தான் அந்த வாடை முதலில் எட்டியது.

"லாசார் அண்ணே, வாய்க்குள்ள என்ன கல்யாணமா?"

"மருந்துதான் டாக்டரம்மா. எங்க வீட்டுப் பிளம் சாராயம். கொப்புளிச்சுத் துப்பிடுவேன், சத்தியமா."

"கிருமி சாகுறதுக்கு முன்னாடி உங்க வாய்த்தோல் செத்துப்போச்சே."

"எங்கப்பாவுக்குப் பல்வலின்னா இதுதான் வைத்தியம்."

"உங்கப்பாவுக்கு ரத்தத்துல வெள்ளணு இருந்துச்சு."

"அப்போ கொப்புளிக்காம முழுங்கிடட்டுமா?"

வார்டே சிரித்தது; நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அன்று முதல் நாள்தோறும் மென்மையான தூரிகையும், உப்பும் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீருமாக நீங்களே அவர் கட்டிலுக்கு வந்தீர்கள். இரத்த அணுக்கள் ஏறும்வரை காத்திருந்து, பிறகே அந்தப் பல்லை எடுத்தீர்கள். நின்ற சிகிச்சை மீண்டும் தொடங்கியது. இப்போது புதிதாக வருகிறவர்களின் அலமாரியைத் திறந்து புட்டி தேடுகிறவர் அதே லாசார்தான்.

அம்மா, புகழ்மொழியோடு நிறுத்தவே விரும்பினோம். மனம் நிற்கவில்லை. நாளையிலிருந்து உங்கள் இடத்தில் ஆள் இல்லை. நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் மூன்று வாரம் வந்துபோக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெலிச்காவை அவர் பார்ப்பார். நான்காம் வாரம் வருகிற நோயாளியின் வாயை யார் திறந்து பார்ப்பார்கள்?

உங்களுக்கும் இந்தக் கவலைதான். அதனால்தான் சம்பளமில்லாமல் வாரம் இருமுறை வருகிறேன் என்று தலைவரிடம் எழுதிக்கொடுத்தீர்கள். அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பாமல் எங்களிடம் காட்டினார். "இதைப் பார்த்தா, கிழவியே சும்மா வர்றாளே, புது ஆள் எதுக்குன்னு கேப்பாங்க. அவங்களால முடியாம போற அன்னிக்கு அந்த அறையில மறுபடியும் துணி அடுக்குவாங்க" என்றார். கிழவி என்றது மேலிடத்தின் வாயாக, மன்னியுங்கள்.

ஆகவே, பாராட்டு மடல் எதிலும் எழுதாத ஒன்றை எழுதுகிறோம்: தயவுசெய்து வராதீர்கள். உங்கள் கடிதத்தைத் தலைவர் இப்போது உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறார். வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரமாக ஒரு பல் மருத்துவரை நியமிக்கக் கோரி, அவரே முதல் கையெழுத்திட்டு, நாங்கள் அனைவரும் ஒப்பமிட்ட விண்ணப்பம் அதற்குப் பதிலாக மேலிடத்துக்குப் போகிறது.

எண்பதைக் கடந்தும் பச்சை ஆப்பிளைச் சொந்தப் பல்லால் கடித்து, நோயின் நிழல் படாமல், பேரன்பு சூழ நீங்கள் நெடிது வாழ்க.

இங்ஙனம்,
புற்றுநோய்ப் பிரிவின் ஊழியர் அனைவரும்.

இதை வாசித்து முடிக்கும்போது டெனிட்சா அந்த விண்ணப்பத்தின் உறை ஓரத்தை நனைத்து, அழுத்தி ஒட்டுகிறார். அஞ்சலகம் மூட இன்னும் நேரமிருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது. உறை கைமாறிப் புறப்படுகிறது.