விரிந்த கண்ணோடு மாட்டிய காப்பு

ஆவடியில் நின்ற மின்ரயிலில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரைக் கைபிடித்து ஏற்றி எனக்கு எதிரே உட்கார வைத்தாள் அவர் மனைவி. உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"பேத்திக்கு வாங்கின வெள்ளிக் காப்ப எவனாச்சும் பிரசவ வார்டுல பக்கத்து கட்டில் கொயந்தைக்கு மாட்டுவானா?"

"கண்ணுல மருந்து உட்டுகீறாங்க மே. கண்ணு மணி விரிஞ்சிட்டா கிட்டக்க கீறதெல்லாம் பொக மாரிதான் தெரியுது."

"இன்னிக்குத்தான் கண்ணாஸ்பத்திரி போவணுமா?"

"நம்ம பொண்ணுக்கு வலி வந்து ரெண்டு விரல்தான் தொறந்துகீது, பொறக்க சாயங்காலம் ஆவும்னு நீதான சொன்ன? இங்க விரியட்டும்னு டாக்டரம்மா, அங்க விரியட்டும்னு கண்ணு டாக்டரு. ரெண்டும் ஒரே நேரத்துல விரிஞ்சா நான் இன்னா பண்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"சரி, தெரிஞ்சப்புறமாச்சும் கய்ட்டிக்கினு வர்றதுக்கு இன்னா?"

"அந்தக் கொயந்தையப் பெத்த பொண்ணே கய்ட்டிக் குடுத்துது மே. ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பொண்ணு. புருசன் ஷிப்டுல கீறாராம், தின்னேலிலேர்ந்து இன்னும் ஒருத்தரும் வந்து சேரல. 'எம்புள்ளைய மொதல்ல பாக்க வந்தது நீங்கதான்'னு சொல்லிட்டு கண்ணத் தொடைக்குது. இருக்கட்டும்மான்னுட்டேன்."

ரயில் திருமுல்லைவாயிலைத் தாண்டியது. சரிந்திருந்த அவர் கண்ணாடியை அவள் ஏற்றிவிட்டாள்.

"நாளைக்குப் பத்தியச் சோறு ரெண்டு பேருக்கு ஆக்கணும். ஊட்டுக்குப் போனதும் பரண்லேர்ந்து பெரிய கேரியர எறக்கிக் குடு. அதாச்சும் உன் கண்ணுக்குத் தெரியும்ல?"