காலில்லாத மஞ்சள் நாய்

அந்தப் பேனாக் கூட்டை ஜன்னலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. மேற்கு வெயில் நேராக விழுகிறது. பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது. முதலில் நிறம் வெளுக்கும், பிறகு தொட்ட இடம் உதிரும். சிவப்புதான் சீக்கிரம் போகும். மஞ்சள் சில வருஷம் தாக்குப்பிடிக்கும்.

நேற்று மத்தியானம் என்னைப் பிடித்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் விட்டவர்கள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். செத்த பிள்ளைகளைப் புதைக்கிற குழிமேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த துரைப்பாண்டி போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "ஏலே, ஓடியாங்கலே! தலச்சன் பிள்ள குழிய ஒருத்தி தோண்டுதா!" முதல் பிள்ளையாகப் பிறந்து இறந்ததன் மண்டை ஓட்டிலிருந்து மந்திரவாதிகள் மை எடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் நம்புகிறார்கள். அதனால்தான் குழிக்குக் காவல் இருப்பது. என் கொழுந்தன் மருதப்பனும் தன் மகள் ஆவுடையின் குழிக்குப் பதினாறு நாள் காவல் இருந்தான். அப்புறம் உடைமுள்ளை வெட்டிப் போட்டு மூடினான். அந்த முள்தான் என் கையெல்லாம் கிழித்திருக்கிறது.

நான் எந்த மந்திரவாதியையும் கண்டதில்லை. ஆவுடையின் எலும்பு எனக்கு எதற்கு? அந்தக் குழிக்குள் என்னுடைய பொருள் ஒன்று இருக்கிறது. அதை எடுக்கத்தான் போனேன். அது அங்கே எப்படிப் போயிற்று என்று சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும்.

எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்தவனுக்கு மூக்குக் குத்தி, மூக்காண்டி என்று பெயர் வைத்தோம். அப்படிச் செய்தால் பிள்ளை நிற்கும் என்பார்கள். எட்டு வயது வரை நின்றான். எழுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில் மஞ்சள்காமாலை வந்தது. ஒன்பது நாள்.

என் வீட்டுக்காரர் சங்கரசுப்புவுக்குத் தேரடிப் பக்கம் பலசரக்குக் கடை. அந்த நாட்களில் பற்பசை டப்பாவுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மை இலவசமாக வரும். யானை, ஒட்டகம், முதலை, மான் என்று எல்லாம் சுண்டுவிரல் நுனி அளவுதான். மூக்காண்டி பள்ளிக்கூடம் விட்டதும் கடை வாசலில் நின்றுகொள்வான். பற்பசை வாங்குகிறவர்களிடம், "அண்ணாச்சி, பேஸ்ட்ட நீங்க கொண்டுபோங்க, பொம்மைய மட்டும் எனக்குத் தந்துட்டுப் போங்க" என்பான். அவன் கேட்கிற தோரணையில் யாரும் மறுக்க மாட்டார்கள். அப்படி அறுபத்தொன்று சேர்த்தான்.

அதில் ஒன்று மஞ்சள் நிறக் கடல்நாய். சங்கரன்கோவில் கரிசலில் வளர்ந்த பிள்ளைக்குக் கடலே தெரியாது. "எம்மா, இந்த நாய்க்கு எவனோ கால வெட்டிட்டான்" என்று சொல்லி, பாவம் பார்த்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். காமாலைக்கு ஊசி போடும்போது வலி பொறுக்காமல் அதை வாயில் வைத்துக் கடித்தான். அதன் கழுத்தில் இரண்டு பல் பதிந்திருக்கிறது.

அவன் துணிமணிகளைப் பதினாறாம் நாள் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இருந்த ஒரே போட்டோ ஓட்டு ஒழுக்கில் நனைந்து முகம் கரைந்துவிட்டது. இரண்டு மூன்று வருஷம் போனதும் அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு வருவதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாய்க்கு முகம் மறக்குமா என்பார்கள். மறக்கும் ஐயா. அப்போதெல்லாம் அந்தக் கடல்நாயை எடுத்து, என் சுண்டுவிரல் நகத்தை அந்தப் பல் குழியில் வைப்பேன். சரியாக உட்காரும். உட்கார்ந்ததும் முகம் வந்துவிடும்.

அதனால் அவற்றைக் காப்பாற்றுவது என் வேலையாயிற்று. முதலில் ஒன்றும் தெரியாமல் கெடுத்தேன். பட்டுச் சேலைக்குப் போடுவது போலத் தகர டப்பாவில் பொம்மைகளோடு அந்துருண்டை போட்டு வைத்தேன். கோடை கழித்துத் திறந்தால் ஐந்து பொம்மைகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. யானையின் தும்பிக்கை மானின் வயிற்றுக்குள் போயிருந்தது. என் பிள்ளை செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. இன்னொரு முறை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் ஒட்டகத்துக்கு நிறம் போயிற்று. இப்படிப் பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தச்சரிடம் சொல்லி, வெயில் எட்டாத உள்சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்தேன். ஒன்றை ஒன்று தொடாமல், அவன் கடைசியாக அடுக்கின வரிசையில் நிறுத்தினேன். ஒட்டிப்போன ஐந்தையும் அப்படியே வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் புது ஷேவிங் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். ஜன்னலுக்குக் காக்கிக் காகிதம் ஒட்டினேன். அந்த அறை எப்போதும் சாயங்காலம் போல இருக்கும்.

மருதப்பன் கேலி செய்வான். "மைனி, டிக்கெட்டு போடுங்க. ஆடித்தபசுக்கு வாற கூட்டம் அம்புட்டும் கோயில விட்டுட்டு நம்ம வீட்டுக்கு வந்துரும்." எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருக்கும்போது நாலு பேச்சு வரத்தான் செய்யும். அவன் பெண்டாட்டி இசக்கித்தாய் பனவடலிசத்திரத்துப் பெண். நல்லவள். எண்பத்திரண்டில் அவளுக்கு ஆவுடை பிறந்தாள்.

ஆவுடை மேல் எனக்குப் பிரியம்தான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினது நான். நடக்கப் பழகினதும் என் விரலைப் பிடித்துத்தான். தவழ ஆரம்பித்த நாள் முதல் அவளுக்கு அந்தக் கண்ணாடி அலமாரி மேல்தான் கண். கையால் தட்டித் தட்டிச் சிரிப்பாள். ஒருநாள் கதவு சாத்தாமல் இருந்த நேரத்தில் ஒட்டகச்சிவிங்கியை எடுத்து வாயில் வைத்துவிட்டாள். உள்ளே வந்த என் வீட்டுக்காரர் விரலை விட்டு எடுத்தார். அதை என் மடியில் எறிந்தார்.

"ஏட்டி, அது செத்துப்போன பிள்ள சாமான். இது உசுரோட இருக்க பிள்ள. இன்னொரு மட்டம் இவ வாயில இதுல ஒண்ணப் பாத்தேன், அம்புட்டையும் அள்ளி வெந்நி அடுப்புல போட்டுருவேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஐந்து நாள் விடாமல் மழை. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்துவிட்டது. ஈரம் தங்கினால் கரும்புள்ளி விழும். எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் விரித்த வேட்டியில் பரப்பினேன். இசக்கித்தாய் எட்டிப் பார்த்து, "அக்கா, செத்த நேரம் பிள்ளையப் பாத்துக்கிடுங்க, துணிய அலசிட்டு வந்திருதேன்" என்று ஆவுடையைப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டுப் போனாள். நான் உலர்ந்த துணி எடுக்க அடுத்த அறைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் பிள்ளை இருமிக்கொண்டிருந்தாள். முகம் நீலம் பாரித்திருந்தது. முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். மூச்சு வந்துவிட்டது, அழுதாள். அழுகிற பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்று நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். அறுபது இருந்தது. கடல்நாய் இல்லை.

பாயை உதறினேன், அவள் சட்டையை உதறினேன், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். இசக்கித்தாய் ஈரக் கையோடு வந்து, "என்னக்கா, அழுதாளா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, பசிக்கி போல" என்றேன்.

இதை மட்டும் பொய் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் இதைக் காப்பாற்றச் சொன்னதுதான்.

பிள்ளைகள் காசை விழுங்குவதும், வாழைப்பழம் கொடுத்தால் மறுநாள் வந்துவிடுவதும் எல்லா வீட்டிலும் உண்டு. நானும் பழம் பிசைந்து கொடுத்தேன். மூன்று நாள் நானே கால் கழுவிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குச்சியால் கிளறிப் பார்த்தேன். "எம் பிள்ளைக்கு நான் வெறும் பேருக்குத்தான் அம்மா" என்று இசக்கித்தாய் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். பொம்மை வரவில்லை. நான்காம் நாள் பிள்ளைக்கு மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அது வயிற்றுக்குப் போகவில்லை என்று அப்போது புரிந்துகொண்டேன்.

ஊர் டாக்டர் சளி என்று ஊசி போட்டார். ஒரு வாரம் போயிற்று. காய்ச்சல் ஏறியதும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே படம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வலது பக்க நுரையீரல்ல காத்தே போகல. குழந்தை எதையாவது வாயில போட்டுச்சா? புளியங்கொட்டை, பட்டன்? காசுன்னா படத்துல தெரியும். மத்ததெல்லாம் தெரியாது, நீங்கதான் சொல்லணும். இருக்குன்னா குழாய் விட்டு எடுத்துரலாம்."

இசக்கித்தாய் என்னைப் பார்த்தாள். "அக்காதான் சார் எந்நேரமும் கூட இருப்பாவ. அவுகளுக்குத் தெரியாம ஒண்ணும் நடந்திருக்காது."

நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். குழாய் விட்டு எடுத்தால் இடுக்கியால் பிடித்து எடுப்பார்கள். எடுத்ததை வெளியே நிற்கிற என் வீட்டுக்காரர் கையில்தான் கொடுப்பார்கள். அன்று இரவே வெந்நி அடுப்பில் அறுபத்தொன்றும் போய்விடும். அந்த அடுப்பு எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. மூக்காண்டி இன்னொரு தடவை சாவான், இந்தத் தடவை முகம்கூட மிஞ்சாது. ஆவுடைக்கு டாக்டர்கள் இருந்தார்கள், மருந்து இருந்தது, அப்பன் ஆத்தாள் இருந்தார்கள். அவனுக்கு நான் மட்டும்தான்.

"இல்ல சார்" என்றேன். "ஒண்ணும் போடல."

அதற்கு ஐந்தாம் நாள் விடிகாலையில் ஆவுடை இறந்தாள். தலைமாட்டில் நான்தான் இருந்தேன். கடைசிவரை அந்த விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் அது அசைந்தது எனக்குக் கேட்டது. இப்போது இருமினால் வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று கையை ஏந்தியபடி உட்கார்ந்திருந்தேன்.

புதைக்கும்போது ஒரு ஆறுதல் இருந்தது. மண்ணுக்குள் வெயில் இல்லை, கை படாது, நெருப்பு இல்லை. பிளாஸ்டிக் மக்காது. என் அலமாரியைவிட அது பத்திரமான இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விரல் கேட்கவில்லை ஐயா. ராத்திரியும் பகலும் நகம் அந்தக் குழியைத் தேடியது. மற்ற அறுபதையும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். எதிலும் அவன் இல்லை. இந்த ஆவணியோடு அவன் முகம் எனக்குச் சுத்தமாக நின்றுபோயிற்று. மூக்குக் குத்தின அடையாளம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

போன வாரம் ரோடு போடுவதற்கு என்று குழிமேட்டில் மண் எடுக்க ஆரம்பித்தார்கள். லாரி லாரியாகப் போகிறது. இன்னும் நாற்பது அடி வந்தால் ஆவுடையின் குழி. தார் ரோட்டுக்கு அடியில் போய்விட்டால் நான் எங்கே தேடுவது? அதனால்தான் எல்லோரும் சாப்பிடுகிற நேரம் பார்த்துக் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு போனேன். முழங்கை ஆழம் போவதற்குள் துரைப்பாண்டி பார்த்துவிட்டான்.

இன்று காலையில் இசக்கித்தாய் இந்தக் கம்பி வழியாக என்னைக் கேட்டாள். "அக்கா, எம் பிள்ளைய எதுக்குத் தோண்டுனிய? நீங்கதான அவளக் குளிப்பாட்டி அனுப்புனிய?" இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

யாரும் அடிக்காமல், கேட்காமல், இவ்வளவையும் நான் ஏன் சொல்லுகிறேன் என்று ஏட்டையாவுக்குச் சந்தேகம். நேற்று அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். மந்திரம், மை என்று வழக்கு எழுதினால் என்னைக் கண்டித்து அனுப்பிவிடுவார்களாம், குழியை மூடிவிடுவார்களாம். சாவில் சந்தேகம் என்று எழுதினால் தாசில்தார் வந்து, டாக்டரை வைத்து, குழியைத் தோண்டியே ஆகவேண்டுமாம். ராத்திரி முழுக்க அதை யோசித்தேன். ஆகவே அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் மூச்சுக்குழலில் பொம்மை இருந்தது எனக்குத் தெரியும். டாக்டர் கேட்ட அன்று சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அதுவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் சொல்லவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

தோண்டும்போது கடப்பாரை வேண்டாம், கையால் மண்ணைத் தள்ளச் சொல்லுங்கள். நெஞ்சுக்கு வலது பக்கம் இருக்கும். மஞ்சள் என்பதால் கரிசல் மண்ணில் பளிச்சென்று தெரியும். சாட்சிப் பொருளைத் துணியில் கட்டி அரக்கு முத்திரை வைப்பீர்களாம். வையுங்கள், சூடு மட்டும் பொம்மையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அவன் பல் பதிந்த ஒரு இடம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டுமானால் வெளியே உட்கார்ந்திருக்கிற இசக்கித்தாயைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவள் சொல்லுவாள்.