குதிரையில் வலப்பக்கம் ஏறியவன்

அழுத்தாதே தம்பி. அழுத்த அழுத்த காரு சேத்துக்குள்ளதான் போகும். எறங்கவும் எறங்காதே, அந்த முதலைத்தோல் பூட்ஸு பாழாயிரும். கண்ணாடியை எறக்கிட்டு உக்காரு. நான் இந்த வேலி மேலயே உக்காந்துக்கறேன்.

டிராக்டரா? இருக்கே. கொட்டகையில சும்மாதான் நிக்குது. இழுத்துவிடறேன், என்ன அவசரம். இந்த மண்ணோட குணம் உனக்குத் தெரியாது. முன்ன ஒரு பாதிரியார் வண்டி இதே எடத்துல மாட்டிக்கிச்சு. அவரும் உன்ன மாதிரிதான், அழுத்து அழுத்துனு அழுத்தினாரு. கூரை வரைக்கும் போயிருச்சு. மூணு ஞாயிறு அவரு பிரசங்கம் மண்ணுக்கடியிலேருந்துதான் கேட்டுது. முன்னைவிட கூட்டம் ஜாஸ்தி.

மழையா? ஆமா, இந்தப் பக்கம் மழை சொல்லிட்டா வருது.

போனை ஆட்டிப் பிரயோசனம் இல்ல. அந்த மேட்டு மேல ஏறினா எடுக்கும். அங்க ஒரு கரடி, குட்டியோட இருக்கு. அதுக்கும் போன்னா ரொம்ப ஆசை.

எதுக்கு வந்தேன்னு நீ சொல்லவே வேண்டாம் கர்ட். ஊர்ல பட ஏலக் கூடாரத்து வாசல்ல பேரெழுதின பலகையைப் பாத்திருப்ப. இன்னிக்கு ஒரு மணி நேரப் படம் வரையறவங்க வரிசையில லாக்ரிட்ஜ்னு எங்க பேரு இருக்கும். உனக்கு நெஞ்சு திக்குனு ஆயிருக்கும். ஆகாதா பின்ன. மணி அடிச்சதும் வெறும் துணியில ஆரம்பிச்சு, மறுமணி அடிக்கறதுக்குள்ள முடிக்கணும். சுத்தி ஜனம் நின்னு ஒவ்வொரு கோடா பாக்கும். பெயிண்ட் காயறதுக்கு முன்ன ஏலம். ஒளிச்சு வரைய முடியாது, ஆள் மாத்தி வரைய முடியாது. இத்தனை வருஷத்துல லாக்ரிட்ஜ் அந்தக் கூடாரத்துப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல. ஒரு தடவை ரொம்ப வற்புறுத்தினப்ப நீதான் என் கையில கட்டு போட்டுவிட்ட, குதிரை மிதிச்சிருச்சுன்னு.

இப்ப கொஞ்சம் தெளிவாயிட்ட போலிருக்கே. நான் சவரம்கூடப் பண்ணாம, அழுக்குச் சட்டையோட வேலி மேல உக்காந்திருக்கறதைப் பாத்ததும் உன் மூஞ்சி வெளிச்சமாச்சு. கெழவன் கெளம்பலடான்னு.

உங்கப்பன் நல்ல மனுஷன்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். என் பொண்டாட்டி டெல்ஃபின் வரைஞ்ச மொதப் படத்தை எடுத்துக்கிட்டு அவரு படக்கடைக்குத்தான் போனோம். படம் கனம்னு நான் தூக்கிக்கிட்டேன். அவ பின்னாடி வந்தா. உங்கப்பன் படத்தைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, இது தங்கக் கைன்னாரு. தூக்கிட்டு வந்ததுக்கு இவ்வளவு பாராட்டான்னு நானும் தலையாட்டினேன். அப்பறம் அவ வாயைத் தொறந்து சொன்னா, வரைஞ்சது நான்னு. உங்கப்பன் மொகம் புளிச்ச பால் குடிச்ச மாதிரி ஆச்சு. பொம்பள வரைஞ்சா பூ விக்கும், பூனை விக்கும், குதிரை விக்காதும்மா. கவ்பாய் படம் வாங்கறவன் கவ்பாயையும் சேத்துத்தான் வாங்கறான்னாரு. ஒடனே என் தலையில ஒரு தொப்பி வெச்சாரு. அதுக்கு மேல மீசையை நானே வளத்துக்கிட்டேன், ஒத்துக்கறேன், எனக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு.

நான் கவ்பாயாம். நெப்ராஸ்காவுலேருந்து பொழைக்க வந்த ஸ்கூல் பஸ் டிரைவர் நான். உன்னையே ஏத்திட்டுப் போயிருக்கேனே. பின் சீட்டுல வாந்தி எடுத்துட்டு ஜான்சன் வீட்டுப் பொண்ணு மேல பழி போட்டவன் நீ. அப்பவே வியாபாரி.

குதிரை பழக்கினது யாரு? அவ. அவங்கப்பன் முரட்டுக் குதிரைங்களைப் பழக்கறவன், இவ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னயே சேணத்துல உக்காந்தவ. அவளுக்கு விலா எலும்பு ஒடைஞ்சது, காறை எலும்பு ஒடைஞ்சது, எல்லாம் குதிரையால. நான் நொண்டறது சர்ச் கூரையிலேருந்து விழுந்து. அதை நீதானே ஒரு கறுப்புக் குதிரை தள்ளினதா கடையில எழுதி மாட்டின. அந்தக் குதிரைக்கு சாத்தான்னு பேரு வேற. டென்வர்காரி ஒருத்தி கண்ணு கலங்கி என் முட்டியைத் தடவிப் பாத்தா. குளிர்காலத்துல வலிக்குமான்னு கேட்டா. சர்ச் பக்கம் போனாத்தாம்மா வலிக்கும்னேன். ஆழமான மனுஷன்னு சொல்லிட்டுப் போனா.

சிரிக்காதே. நான்தான் சிரிக்கலாம்.

காபித்தட்டு ஞாபகம் இருக்கா? அந்தப் பனிப் படத்தை உன் கடையில மாட்டின அன்னிக்கு. கூட்டம் ஜாஸ்தின்னு டெல்ஃபின் கையில தட்டைக் குடுத்தது நீ. அவ போயி அவ படத்துக்கு முன்னாலயே நின்னா. டாலஸ்காரன் ஒருத்தன், ஓரமா நில்லும்மா, குதிரை மறைக்குதுன்னான். அவ நகந்துக்கிட்டா. நீ சிரிச்ச. எங்க வீட்டு கேட் பக்கம் வந்தப்பறம் சொன்னா, அந்தாளு சரியான எடத்துலதான் நின்னான் டாரல், அங்கேருந்து பாத்தாத்தான் பனி மேல அந்த நீலம் தெரியும்னு. அவ்வளவுதான். அதையும் முழுங்கிட்டா.

இரு, வரேன் விஷயத்துக்கு. என்னை ஒருநாள் போட்டோவுக்காகக் குதிரை மேல ஏறச் சொன்னியே, மைதானத்துல, அத்தனை பேரு பாக்க. நான் போயி வலது பக்கமா ஏறினேன். நம்ம ஊரு பஸ்ஸுக்கு வாசப்படி அந்தப் பக்கம்தானே, பழக்கம். குதிரை திரும்பி என்னை ஒரு பார்வை பாத்துச்சு பாரு, எங்க மாமியார்கூட அப்பிடிப் பாத்ததில்ல. மொன்டானாவுல மூணு வயசுக் கொழந்தைக்கும் தெரியும், இடது பக்கம்தான் ஏறணும்னு. கூட்டமே வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. நீ சும்மா சொல்லக்கூடாது, கண்ணு சிமிட்டாம சொன்ன, லாக்ரிட்ஜ் பழங்குடிப் பெரியவங்ககிட்ட கத்துக்கிட்ட முறை அதுன்னு. பின்னால நின்ன க்ரோ பழங்குடி இனத்துப் பெரியவர் ஒருத்தர், எங்கள்ல யாரு இந்தாளுக்குச் சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டாரு. நீ அவரைச் சாப்பாட்டுப் பந்தலுக்கு அனுப்பிட்ட.

அத்தோட விட்டியா? வாங்கறவனெல்லாம் வலது பக்கம் ஏறற மாதிரி படம் கேட்டான். லாக்ரிட்ஜ் பாணியாம். பனி உருகற சமயத்துல இங்க வந்து நின்ன. அவ அப்ப அந்தச் செவலைப் பெட்டையை வரைஞ்சுக்கிட்டிருந்தா. அவ கையாலயே பழக்கின குதிரை, அவ மடியிலயே தலைவெச்சு செத்துச்சு. இதைத் திருப்பிப் போடும்மா, ஆளை இந்தப் பக்கம் ஏத்துன்ன. அவ பொறுமையா சொன்னா, இந்தக் குதிரை அந்தப் பக்கம் ஆளை அண்டவிடாது கர்ட், ஒதைச்சுரும்னு. நீ என்ன சொன்ன? படம்தானே, குதிரைக்கா தெரியப்போகுது.

அன்னிக்கு அவ பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பிச்சா. இருட்டற வரைக்கும் கழுவினா. சாப்பிடும்போது சொன்னா, பேரைக் குடுத்தேன், வேணும்னா வெச்சுக்கட்டும், குதிரையைக் குடுக்கமாட்டேன்னு. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், அந்தக் குரலை அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன். எங்கூட ஓடிவந்துட்டேன்னு அவங்கப்பன்கிட்ட சொன்னப்ப.

அவளைக் கூப்பிடணுமா? நீ பேசி சரிபண்ணிடுவியா? கூப்பிடு, நல்லா சத்தமாக் கூப்பிடு. கோழிங்கதான் வரும்.

வீட்ல இல்லப்பா அவ. வெளிச்சம் வந்ததுமே பக்கத்து வீட்டு ட்ரக்குல போயிட்டா. மேல்பக்கத்துப் பாதை வழியா.

என்ன பாக்கற? என்னைக் கண்டதும் லாக்ரிட்ஜ் வீட்லதான் இருக்கான்னு நிம்மதியாயிட்டியே, அதைத்தான் நான் அப்பவே சொன்னேன். ஊருக்குச் சொல்லிச் சொல்லி உனக்கே மறந்துபோச்சு யாரு வரையறதுன்னு. நான் போனா என்ன, போகலைன்னா என்ன. என்னால ஒரு கோழியைக்கூட வரைய முடியாது.

மழையெல்லாம் இல்ல. வெயில் காஞ்சுக்கிட்டில்ல கெடக்கு, மேல பாரேன். வயலுக்குப் போற வாய்க்கால் மடையை நேத்து நான்தான் பாதைப் பக்கம் திருப்பிவிட்டேன். நீ வருவேன்னு அவதான் சொன்னா. கட்டாயம் வருவான், வந்து உன்கிட்டதான் பேசுவான்னா.

ஆச்சு, இந்நேரம் ஏலம் நடந்துக்கிட்டிருக்கும். மேடையில அவ நிக்கறா, கையில பிரஷ்ஷோட, டெல்ஃபின் லாக்ரிட்ஜ்னு பலகையில அவளே முழுப் பேரை எழுதிக்கறேன்னா. டாலஸ்காரனும் முன்வரிசையில இருப்பான்.

இல்ல, செவலைப் பெட்டை இல்ல. அதை விக்கறதுக்கு வரையமாட்டா. இது வேற. மொழங்கால் சேத்துல ஒரு காரு, உள்ள பூட்ஸு போட்ட ஒருத்தன், வேலி மேல ஒரு கெழவன் வாயாடிக்கிட்டிருக்கான். குதிரை இருக்கு, ஓரத்துல ஒண்ணே ஒண்ணு, வேலிக்கு அந்தண்டை நின்னு உன்னைப் பாக்குது. அது போதும். அந்த ஒரு குதிரையைப் பாத்தா போதும், யாரு கைன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சுரும்.

நேத்தே ஒத்திகை பாத்துட்டா. காரு எந்தப் பக்கம் சாயும்னு கேட்டா, இடது பக்கம்னு சொன்னேன், சரியாத்தான் சாஞ்சிருக்கு. நெறம்தான் தப்பாச் சொல்லிட்டேன், வெள்ளைன்னு. இந்தக் கறுப்பு எப்ப வாங்கின? போகட்டும். சேத்தோட நெறம் அவளுக்குச் சரியா வந்திருக்கும்.