மூட்டையைத் தள்ளிவிட்ட குதிரை

— கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கமே இல்லையா? வீட்டுலதாம்மா நீ என் மருமக. இங்க நீ சோதனைப் பிரிவு.

— சோதனைப் பிரிவாத்தான் வந்திருக்கேன் அத்தை. உங்க புதுப் பூட்டுக்கு நான் ஒப்புதல் தர மாட்டேன்.

— நாளைக்குக் காலையில வாங்கறவங்க வர்றாங்க. ஆஸ்பத்திரி மருந்தறைக்கெல்லாம் மாட்டப் போறாங்க. இப்பப் போய் அபசகுனமா பேசறியே!

— மருந்தறைங்கறதாலதான் பேசறேன். நூறு இலக்க எண் ரெண்டைப் பெருக்கித்தானே சாவி எண் செய்யறீங்க? ஒண்ணு ஏழுல முடியுது, இன்னொண்ணு மூணுல முடியுது. ஏழு மூணு எவ்வளவு?

— இருபத்தொண்ணு. எனக்கே வாய்ப்பாடா?

— அப்ப விடை ஒண்ணுல முடியணும். உங்க கணினி நிரல்ல பூஜ்யத்துல முடியுது. முதல் பதினாறு இலக்கத்துக்கு அப்புறம் வால் முழுக்க வெறும் பூஜ்யம்.

— முழு எண்ணாவே பெருக்கினா பூட்டு யோசிச்சுக்கிட்டே நிக்குதும்மா. தசம எண்ணா மாத்தினேன், மின்னலா ஓடுது.

— கணினியில தசம எண் முதல் பதினாறு இலக்கத்தைத்தான் தாங்கும் அத்தை. குருவி தலையில பனங்காயை வச்சிருக்கீங்க. வால் வெறும் பூஜ்யமா இருந்தா கள்ளச்சாவி செய்யறது சுலபம்.

— வேகத்தைப் பாருடி, வேகத்தை!

— மூட்டை சுமந்த குதிரை ஒண்ணு, எல்லாத்துக்கும் முன்னால வந்து சேர்ந்துச்சாம். மாலை போட்டுக் கொண்டாடினாங்களாம். அப்புறந்தான் தெரிஞ்சுதாம், மூட்டையை வழியிலேயே தள்ளிவிட்டுட்டு வந்திருக்குன்னு.

— என்னைக் குதிரைங்கற!

— நிரலைச் சொன்னேன்.

— நீ அ, ஆ எழுதிப் பழகின காலத்துலேயே பூட்டு செஞ்சவ நான். கடைசியா கேக்கறேன், கையெழுத்து போடறியா, வேலையை விடறியா? உன் புருஷனே வந்து கெஞ்சினாலும் இரங்க மாட்டேன்.

— விட்டுடறேன். உங்க பிள்ளைகிட்ட நானே சொல்லிக்கறேன். கையெழுத்து மட்டும் கிடைக்காது.

— திமிரு! பூஜ்யமோ கீஜ்யமோ, என் பூட்டை எவனாலயும் திறக்க முடியாது. இந்த ரூம் கதவுல மாட்டியிருக்கறதே அந்தப் பூட்டுதான். இருக்கற ஒரே சாவி அட்டை, இதோ, என் மேசை மேல கிடக்கு. காலையிலேர்ந்து உள்ள பூட்டிக்கிட்டு நிம்மதியா உட்கார்ந்திருக்கேன். ஒரு ஈ காக்கா நுழைஞ்சுதா, சொல்லு?

— அப்ப நான் எப்படி அத்தை உள்ள வந்தேன்?