கருவறையிலேயே கைதட்டல் வாங்கியவர்

தாய்சேய் நலச் சங்கத்தின் தலைமையைத் தாங்கி, இந்த ஊரில் பாதிப் பேரைத் தன் இரு கைகளால் உலகுக்கு ஏந்தித் தந்து, இன்று என்னையும் பொறுத்துக்கொண்டு வீற்றிருக்கும் தலைவர், மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மனைவி சொன்ன பிறகு வராமல் இருக்க முடியாத மாண்புமிகு கணவன்மார்களே! எனக்குப் பின்னால் பேசுவதற்காக எனக்கு முன்னாலேயே வந்து, மேடையின் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்ட மூத்த பேச்சாளர், 'வெண்கலத் தொண்டை' என்று நீங்களெல்லாம் கொண்டாடும் அண்ணன் அவர்களே! இத்தனை பேருக்கும் நடுவில், என் மனைவியின் தோளில் எச்சில் ஒழுகச் சாய்ந்துகொண்டு, என்னைத் தவிர எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் என் ஐந்து மாத மகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

'கருவில் வளரும் அறிவு' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைப் பேச எனக்கு என்ன தகுதி? மருத்துவம் படித்தேனா? இல்லை. மனோதத்துவம் படித்தேனா? அதுவும் இல்லை. என் ஒரே தகுதி பொறாமை! பச்சைப் பொறாமை! பகலில் பற்றிக்கொண்டு பொழுது சாய்ந்தும் அணையாத பொறாமை! யார்மேல்? இதோ, இந்த அண்ணன்மேல். என்ன அண்ணா, திடுக்கிடுகிறீர்கள்? கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், இது நீளமான வழக்கு.

அவையோரே! கருவில் இருக்கும் குழந்தை உலகைப் பார்ப்பதற்கு முன்னே உலகைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆறு மாதம் ஆகும்போது அதற்குக் காது வேலை செய்கிறது. தாயின் இதயம் துடிப்பது கேட்கிறது, தாயின் வயிறு உறுமுவது கேட்கிறது, தாயின் குரல் எலும்பும் தசையும் வழியாக இறங்கி வந்து கேட்கிறது. வெளியில் ஒலிப்பது? அதுவும் கேட்கிறது! பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் தாண்டி நமக்குக் கேட்பதில்லையா? சொல் பிடிபடாது, ஆனால் ராகம் பிடிபடும். யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று தெரிந்துவிடும். அதேபோலத்தான். என்ன, பின்வரிசையில் ஒருவர் பலமாகத் தலையாட்டுகிறார்? எந்த வீட்டுச் சுவர் ஐயா?

அப்படியானால் என் மகள் கருவில் எதைக் கேட்டாள்? அங்கேதான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. என் மனைவிக்குப் பதிப்பகத்தில் வேலை. பேச்சாளர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு, தட்டச்சு செய்து, புத்தகமாக்கித் தரும் வேலை. கருவுற்ற பிறகு வீட்டிலிருந்தே செய்தாள். காதில் மாட்டும் கருவி வலிக்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். யாருடைய பேச்சு? என் பேச்சா? என் பேச்சை எந்தப் பதிப்பகம் கேட்டது! அண்ணனின் முழுத் தொகுப்பு. அண்ணன் எந்த ஊரில் பேசினாலும் ஒரே முன்னுரைதானே? "வாழ்விக்க வந்தோரே! வாழ வந்தோரே! வாழ்த்த வந்தோரே!" தட்டச்சு செய்பவர் ஒருமுறையா கேட்பார்? நிறுத்துவார், பின்னால் இழுப்பார், மறுபடி போடுவார். சாப்பாட்டு மேசைமேல் அந்த ஸ்பீக்கர். மேசையை ஒட்டி அவள் வயிறு. வயிற்றுக்குள் என் மகள்.

சரி, நான் எங்கே போயிருந்தேன்? அதே வீட்டில்தான் இருந்தேன்! ஆனால் பேச்சாளன் வீட்டில் பேசலாமா? தொண்டைதானே எங்கள் தொழில்? கூட்டம் இருக்கும் நாளில் வாய் திறக்க மாட்டேன். கூட்டத்துக்கு முதல் நாளும் திறக்க மாட்டேன். கழுத்தில் துணி, கையில் வெந்நீர்க் குடுவை. காபி வேண்டும் என்றால் இரண்டு விரல், வேண்டாம் என்றால் உள்ளங்கை. "ஏங்க, இங்க வந்து கை வைங்க, உதைக்குது. ஏதாச்சும் பேசுங்களேன்" என்பாள் மனைவி. நான் கையை வைப்பேன், இன்னொரு கையால் தொண்டையைக் காட்டுவேன். என் மாமியார் ஒருநாள் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கேட்டார்: "ஏண்டி, மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமா?"

சிரியுங்கள், சிரியுங்கள். அண்ணன் சிரிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளை பிறந்தாள்! முற்பகல் வெயில் மருத்துவமனை நடைக்கூடத்தில் நீளமாக விழுந்திருந்தது. செவிலியர் அந்தப் பூமூட்டையைக் கொண்டுவந்தார். சுருங்கிய முகம், மூடிய முஷ்டி. என் நெஞ்சு விம்மியது. இத்தனை மாதம் சேமித்த குரலையெல்லாம் திரட்டி, "வருக! வையம் குளிர வந்த வண்ணமே, வருக!" என்று முழங்கினேன். வீறிட்டாள் பாருங்கள்! "சார், இது மாநாடு இல்ல. மெதுவா!" என்று செவிலியர் என்னைச் சுவரோரம் தள்ளினார். என் மகள் அழுதாள், அழுதாள், நிறுத்தவே இல்லை. அப்போது பழப்பையோடு உள்ளே நுழைந்தார் ஒருவர். யார்? இந்த அண்ணன்தான்! வாசலில் நின்றபடியே ஆரம்பித்தார்: "வாழ்விக்க வந்தோரே, வாழ வந்தோரே..."

அழுகை நின்றது. மேடைமீது சத்தியமாகச் சொல்கிறேன், நின்றது! தலை மெல்ல அவர் பக்கம் திரும்பியது. என் மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "அடடா, பிள்ளைக்கு இவரை முன்னாடியே தெரியும் போலிருக்கே!"

அண்ணா, விருதுகளை நீங்கள் வாங்கினீர்கள், விட்டுக்கொடுத்தேன். பெரிய மேடைகளெல்லாம் உங்களுக்கே போயின, பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுத் தொட்டில்கூடவா உங்களுக்கு வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகும் இதே கூத்து. அவள் அழுதால் மனைவி சொல்வாள்: "நீங்க கத்தாதீங்க, செல்போன்ல அண்ணன் பேச்சைப் போட்டு விடுங்க, தூங்கிடுவா." என் கையில் என் மகள், அவள் காதில் என் எதிராளி! மானத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருநாள் உங்கள் குரலிலேயே உங்கள் முன்னுரையைச் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. செல்போன் எங்கே இருக்கிறது என்று தேடினாள்!

கொதித்துப் போய்த் தலைவர் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, இதை மாத்தவே முடியாதா?" என்றேன். "எதை, குழந்தையையா, அண்ணனையா?" என்றார் அவர். "சரி, அவகிட்ட பேசுங்க, பார்க்கறேன்" என்றார். பேசினேன். பொங்கிப் பேசினேன். கையைத் தட்டி நிறுத்தினார்.

"அவளை எப்போ பேச விடுவீங்க?"

"அவளா? பல்லே இல்லையேம்மா!"

"பால் குடிக்கும்போது அம்மா முகம் எவ்வளவு தூரத்துல இருக்கோ, அவ்வளவு கிட்ட போங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. அந்த செல்போன் எவ்வளவு பேசினாலும், அவ சொல்றதக் கேக்காது. நீங்க கேக்கலாம்ல?"

வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதா? மேடைக்காரனுக்கு அது மரணமல்லவா? ஆனாலும் வீட்டுக்கு வந்தேன். பாயில் அவளைக் கிடத்தி, பக்கத்தில் குப்புறப் படுத்தேன். "பாப்பா" என்றேன். நிறுத்தினேன். அவள் என் புருவத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். நாக்கை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். நெற்றியைச் சுருக்கினாள். பேசித் தொலைக்கலாமா என்று எனக்குத் தொண்டை துடித்தது. அப்போது சொன்னாள், "ங்கா!" நான் "அப்படியா?" என்றேன். மறுபடி "ங்கா!" என்றாள். எந்தக் கூட்டமும் என்னிடம் திருப்பிப் பேசியதில்லை, அவையோரே. நான் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து என் தொண்டைக்கு விடுமுறையே இல்லை. இன்று என் குரல் கரகரப்பதைக் கவனித்தீர்கள் அல்லவா? காலையிலிருந்து அவளோடு வம்பளந்த விளைவு. இன்றைய மேடையில் அண்ணன் என்னைத் தோற்கடிக்கப் போகிறார், தெரிந்தேதான் வந்தேன்.

ஆகவே தந்தைமார்களே! வயிற்றில் இருக்கும்போதே பேசுங்கள்! வந்து பிறந்த பிறகும் பேசுங்கள்! குளிப்பாட்டும்போது பேசுங்கள், துணி மாற்றும்போது பேசுங்கள், தூக்கிச் சுமக்கும்போது பேசுங்கள்! பேசிவிட்டு நிறுத்துங்கள்! அந்தச் சின்ன மூளை சொல் கேட்டும் வளர்கிறது, தன் சொல்லை ஒருவர் கேட்கிறார் என்று கண்டும் வளர்கிறது. நீங்கள் விட்ட இடம் காலியாகவா இருக்கும்? எவனாவது ஒரு வெண்கலத் தொண்டை வந்து உட்கார்ந்துகொள்வான்! மன்னிக்கவும் அண்ணா, உட்கார்ந்துகொள்வார்.

இப்போது என் பொறாமை தீர்ந்ததா என்கிறீர்களா? இதோ, இங்கேயே நிறுத்திப் பார்க்கிறேன். பாப்பா!

கேட்டீர்களா? கேட்டீர்களா அந்த "ங்கா"வை! என்ன அண்ணா? "தம்பி, நான் இப்பத்தான் கனைச்சேன், அது எனக்கு" என்கிறீர்களா? நடக்காது! கண் என்மேல் இருக்கிறது, காலை என்னை நோக்கி உதைக்கிறாள், கூட்டமே சாட்சி! பாப்பாவோட அம்மா, அவளைக் கொஞ்சம் தூக்கிப் பிடி, எல்லாரும் பார்க்கட்டும்!

மகள் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல நான் கீழே இறங்க வேண்டும். பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், பேசப் பொருள் தந்த தலைவர் அம்மாவுக்கும், பிள்ளை பெற்றுத் தந்த என் மனைவிக்கும் நன்றி. ஒலிவாங்கி இனி அண்ணனுடையது. அவர் விருப்பம்போல் பேசட்டும், நீங்களும் ஆசை தீரக் கைதட்டுங்கள். ஆனால் அண்ணா, ஒரு நிமிடம் பொறுங்கள். அந்த முன்னுரையை நீங்கள் தொடங்குவதற்கு முன், என் மகளை நான் வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். வணக்கம்!